முட்டைக்காரி ரஹிமோவின் இருபத்தேழு வார்த்தைகள்

ரஹிமோவைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அவளைப் பற்றிப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஆள் இந்தச் சந்தையில் நான் ஒருத்திதான் என்பதால் எழுதுகிறேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு அரபி, ஸ்பானிஷ் இரண்டிலும் எழுத்து தெரியும். இருந்தும் புத்தகத்தில் ஏறியது அவள். இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆப்பிரிக்கக் கரையில் ஸ்பெயின் ஆளுகிற சியூத்தா ஊர்ச் சந்தையின் கீழ்த்தளத்தில், மீன் பக்கம் இறங்கும் படிக்கட்டுக்கு இடப்புறம் அவளுடைய முட்டைக்கடை. வலப்புறம் என்னுடைய ஆலிவ் கடை. நடுவில் நாலு எட்டு தூரம்தான். நாற்பது வருஷமாகக் காலையில் அவள் முகத்தில்தான் விழிக்கிறேன். அவள் கடை முன்னால் எப்போதும் ஐந்தாறு பேர் நிற்பார்கள். முட்டை வாங்க இரண்டு பேர், மீதிப் பேர் அவள் வாயைப் பார்க்க. என் கடைக்கு வருகிறவர்கள் ஆலிவ் வாங்கிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான்.

ஊரோரத்துக் கடற்கரைப் பேட்டையான பென்சூவில் பிறந்தவள். அப்பா கரையில் வலை இழுத்தவர். அம்மா ஒரு ஸ்பானிய கேப்டன் வீட்டில் துணி துவைத்து இஸ்திரி போட்டவள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் ரஹிமோ அந்த இஸ்திரி மேசைக்கு அடியிலேயே வளர்ந்தாள். மேலே அம்மா அரபியில் புலம்புவாள், கேப்டன் மனைவி ஸ்பானிஷில் அதட்டுவாள். இரண்டும் ஒரே பாஷை என்று ஏழு வயதுவரை நினைத்திருந்தாளாம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறாள் என்பது என் அபிப்பிராயம்.

பதினாறு வயதில் முட்டைக்கூடையோடு முதல் நாள் சந்தைக்கு வந்தாள். ஒரு சார்ஜெண்ட் மனைவி வந்து, "பன்னிரண்டு முட்டை, போர் ஃபவோர்" என்று கேட்டிருக்கிறாள். ஸ்பானிஷில் அது 'தயவுசெய்து.' எங்கள் பேச்சில் 'ஃபாபோர்' என்றால் இலவசம். எந்தக் காலத்திலோ ஸ்பானியன் 'தயவு' என்று சொன்னதை எங்கள் ஆட்கள் 'சும்மா கொடு' என்று எடுத்துக்கொண்டார்கள். ரஹிமோவுக்கு வந்ததே கோபம்.

"ஃபாபோரா? உங்க வீட்டுக்காரருக்கு சர்க்கார் சம்பளம் குடுக்குது. எங்க வீட்டுக் கோழிக்கு யாரு குடுக்குறா?"

அடுத்து வந்தவளும் 'போர் ஃபவோர்' என்றாள். அவளுக்கும் அதே பூசை. மூன்றாவதாக வந்தவர் ஒரு பாதிரியார். "சாமியாரும் ஓசிக்கு வந்துட்டாரா? இந்த ஊர்ல எல்லாருமே பிச்சைதானா?" என்று அவள் கத்த, மத்தியானத்துக்குள் சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மறுநாளிலிருந்து அவளிடம் திட்டு வாங்குவதற்காகவே சார்ஜெண்ட் மனைவிகள் வரிசையில் நின்று 'போர் ஃபவோர்' சொன்னார்கள். நான் அதைச் செய்திருந்தால் மடச்சி என்று சொல்லியிருப்பார்கள். அவள் செய்ததால் கதையாகிவிட்டது.

என் அப்பா எங்கள் தெருவுக்கே கடிதம் எழுதிக் கொடுத்தவர். கல்யாணம், கடன், கோர்ட் எல்லாம் அவர் பேனாவில்தான். அடுத்தவர் பெயரை ஆயிரம் தடவை எழுதிய அந்த மனுஷரின் பெயர் எந்தக் காகிதத்திலும் அச்சாகவில்லை. அவர் என்னைக் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே நூலகத்தில் உட்கார்ந்து நான் படித்ததெல்லாம் வார்த்தைகளின் பூர்வீகம். ஸ்பானியன் சாப்பிடும் சர்க்கரை எங்கள் சுக்கர். அவன் தலை வைக்கும் 'அல்மொஹாதா' எங்கள் 'மிகத்தா', தலையணை. அவன் எண்ணெயும் எங்களுடையது, அவன் ஆலிவும் எங்களுடையது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு கடைசியில் அந்த ஆலிவை விற்க வந்தேன். யாரும் என்னிடம் ஒரு வார்த்தையின் பூர்வீகத்தைக்கூடக் கேட்டதில்லை.

கேட்காமலே சொன்னாலும் வம்புதான். மீன்கடை ஸ்பானியன் ஃபெர்மீனுக்கு எதற்கெடுத்தாலும் 'ஒஹலா' வரும். மத்தி வருமா, ஒஹலா. மழை வருமா, ஒஹலா. அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம்; அதன் வாலில் ஒட்டியிருப்பது எங்கள் அல்லாஹ். ஒருநாள் ரஹிமோ ஒவ்வொரு ஒஹலாவுக்கும் முட்டைத் தட்டில் ஒரு வைக்கோலை எடுத்து வைத்துக்கொண்டே வந்தாள்.

"ஃபெர்மீன், பதினொண்ணு ஆச்சு."

"என்ன பதினொண்ணு?"

"காலையிலேர்ந்து பதினோரு தடவை அல்லாஹ்வக் கூப்பிட்டிருக்க. பேசாம லுஹர் தொழுகைக்கு என்கூட வந்துடு. உன் பொண்டாட்டிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சந்தை குலுங்கியது. நான் என் கடையிலிருந்து, "அது இன்ஷா அல்லாஹ்லேர்ந்து வந்ததுன்னு நினைக்கிறீங்க, அது தப்பு. 'லவ் ஷா அல்லாஹ்', அல்லாஹ் நாடியிருந்தால், அதுலேர்ந்து வந்தது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு" என்றேன். சோற்றில் கல் கடித்த மாதிரி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவள் புருஷன் லர்பி பட்டாளத்தில் இருந்தவன். மீசைக்கு எண்ணெய் தடவி, தொப்பியைச் சாய்த்துப் போட்டு நடந்தால் பெண்கள் ஜன்னலைத் திறப்பார்கள். அப்படிப்பட்ட மினுக்கனை அந்தக் கால அரபியில் 'கந்தூர்' என்பார்கள். அதே வார்த்தை ஸ்பானியன் வாயில் போய் 'கந்துல்' ஆனது. அர்த்தம், சோம்பேறி. நூலகத்தில் நான் கண்டுபிடித்த தங்கம் அது. நல்ல மனசோடு ஒருநாள் ரஹிமோவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் சந்தை முழுக்க ஒரே பேச்சு: "நிக்காஹ் அன்னிக்கு கந்தூர், மறுநாள் விடிஞ்சா கந்துல்!" யார் சொன்னது? ரஹிமோ சொன்னது. இப்போது பெண் பார்க்கப் போகிற இடத்தில்கூட அதைச் சொல்லித்தான் எச்சரிக்கிறார்கள். உழைப்பு என்னுடையது, பேர் அவளுடையது.

லர்பி நாற்காலியிலேயே உட்கார்ந்து நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தான். மூன்று பெண்களையும் முட்டை விற்றே கரையேற்றினாள். அதைக் குறை சொல்ல மாட்டேன். வியாபாரத்தில் யாரையும் ஏமாற்றவும் மாட்டாள். கீறல் விட்ட முட்டையை இல்லாதவர்களுக்கு எடுத்துக் கொடுத்து, "ஃபாபோர்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். எங்கள் தெருக்களில் விற்கிற கடலைமாவு அடை இருக்கிறதே, அதை விற்கிறவன் ஸ்பானிஷில் 'கலெந்தே, கலெந்தே', சூடு சூடு என்று கூவிக் கூவி அதற்குக் கலெந்தே என்றே பெயராகிவிட்டது. ஆறினாலும் கலெந்தேதான். வாய்ச்சவடால் அடித்துவிட்டுக் காரியத்தில் கவிழ்கிற ஆண்களுக்கு ரஹிமோ 'ஆறின கலெந்தே' என்று பெயர் வைத்தாள். ஓட்டுக் கேட்டு வந்த ஒருவரை அப்படிச் சொன்னாள், அவர் தோற்றும் போனார்.

இப்படி இருக்கும்போதுதான் கடல் தாண்டி கிரனாடாவிலிருந்து கசில்தா என்கிற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், கழுத்தில் ஒலிப்பதிவுக் கருவி, கையில் நோட்டு. சந்தைப் பேச்சை வைத்து ஒரு அகராதி போடப்போகிறாளாம். "எந்த வார்த்தை யாரு வாயிலேர்ந்து வந்துச்சோ, அவங்க பேரையும் பக்கத்துலயே போடுவேன்" என்றாள். அப்பாவின் பெயர் வராத அச்சில் அவர் பெண்ணின் பெயர் வரும். யம்னா என்ற சின்னப் பெயர். அதற்காகத்தானே அல்லாஹ் இத்தனை வருஷம் காக்க வைத்தான் என்று நினைத்தேன்.

படித்தவள் என்று சொல்லி முதலில் என்னிடம்தான் அனுப்பினார்கள். புதினா டீ வரவழைத்து, ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, சர்க்கரையிலிருந்து ஆரம்பித்தேன். தலையணை சொன்னேன். எண்ணெய் சொன்னேன். ஒஹலா சொன்னேன். அவள் பேனா அசையவில்லை. மரியாதைக்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

"யம்னா, நீங்க சொல்றது எல்லாமே சரி. ஆனா இதெல்லாம் நூறு வருஷமா அகராதில இருக்குங்க. எனக்கு வேண்டியது எந்தப் புத்தகத்துலயும் இல்லாதது."

அந்த நேரம் பார்த்து எதிர்க்கடையில், "போடா ஆறின கலெந்தே!" என்று ஒரு குரல். கசில்தாவின் கழுத்து திரும்பியது. என் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவள், பிறகு மூன்று மாதம் அந்த முட்டைக்கடையை விட்டு அசையவில்லை.

அந்த மூன்று மாதம் நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது? நாலு எட்டு தூரத்தில் அவள் பேசுவாள், இவள் எழுதுவாள். பக்கம் புரளும் சத்தம் எனக்குக் கேட்கும். ரஹிமோ தும்மினால்கூட அதன் பூர்வீகம் என்ன என்று கேட்பாள் போலிருந்தது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள் அகராதிக்குப் பாடம் சொல்கிறாள், அகராதியையே படித்தவள் ஊறுகாய் ஜாடியைத் துடைக்கிறாள். அவள் குரல் கட்டிப்போகட்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை துஆவே செய்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். குரல் கட்டியது எனக்கு.

எனக்கென்று ஒரே ஒரு வார்த்தையாவது வேண்டும் என்று யோசித்து யோசித்து, ஒன்றைப் பிடித்தேன். எங்கள் சந்தையில் ஒருத்திக்குப் பொறாமை வந்தால், 'ஸைத்தூனா ஏறிடுச்சு' என்பார்கள். ஸைத்தூனா என்றால் ஆலிவ். முஸ்லிமும் சொல்வார்கள், ஸ்பானியனும் சொல்வான். நானே எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறேன். யார் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆலிவ் என்றால் என் கடைதானே? முட்டைக்காரிக்கு அதில் என்ன பாத்தியதை?

கசில்தாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இது நான் உண்டாக்கின வார்த்தை. ஊறாத பச்சை ஆலிவைக் கடிச்சா கசப்பு முழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. தொண்டைக்கு ஏறிக்கிட்டே இருக்கும். பொறாமையும் அப்படித்தானேன்னு ஒருநாள் சொன்னேன். சந்தை புடிச்சுக்கிச்சு." பொய் என்றாலும் நல்ல பொய். சொல்லும்போது எனக்கே தொண்டை கசந்தது.

கசில்தாவுக்குக் கண் விரிந்தது. இந்தத் தடவை பேனா ஓடியது. எழுதி முடித்துவிட்டு, "ரொம்ப அருமை. ஆனா எந்த வார்த்தையா இருந்தாலும் இன்னும் ரெண்டு பேருகிட்ட கேட்டுத்தான் புத்தகத்துல போடணும், அது விதி" என்று சொல்லி நேரே எதிர்க்கடைக்குப் போய்விட்டாள்.

"ரஹிமோ, 'ஸைத்தூனா ஏறிடுச்சு'ங்கறது யாரு வார்த்தை?"

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபெர்மீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து எதையோ தேடினான். ரஹிமோ கையில் முட்டையோடு என்னைப் பார்த்தாள். நான் ஜாடிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"அது யம்னாவோடது, மகளே. அவ இல்லாட்டி அந்த வார்த்தையே இல்ல."

"எப்படி வந்துச்சு?"

"அவ என்ன சொன்னாளோ அதான். எழுதிக்கோ."

எனக்கு உயிர் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. இவளிடம் இருபது முப்பது கிடக்கிறது, அதனால்தானே ஒன்றைத் தூக்கிப் போடுகிறாள் என்று தோன்றியது. பிச்சை போடுகிறாளா எனக்கு? ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. என் பிரதியை எடுத்துக்கொண்டு ஜாடிகளுக்குப் பின்னால் போய் எண்ணினேன். ரஹிமோ இருபத்தேழு இடத்தில். நான் ஒரே இடத்தில். ஆனால் அந்த ஒரு இடத்தில், கறுப்பு எழுத்தில், 'யம்னா, ஆலிவ் வியாபாரி.' அப்பா அடங்கிய கபருக்குப் போய்ப் படித்துக் காட்டிவிட்டு வந்தேன். பிறகு சந்தை முழுக்க அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே சுற்றினேன். போகிற வருகிறவர்கள் தலையசைத்தார்கள். நாலாம் நாள் ஃபெர்மீனிடம் மூன்றாவது முறையாகக் காட்டியபோது, அவன் அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்துவிட்டது. பனிக்கட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

"என்ன இளிப்பு?"

"யம்னா, உனக்கு நெசமாவே தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"அட ஆண்டவனே! ரஹிமோ கடைல கூட்டம் சேர்ந்தாப் போதும், நீ ஜாடிலேர்ந்து ஒரு ஆலிவ எடுத்து வாய்ல போட்டுக்குவ. மெல்ல மாட்ட. கன்னத்துல ஒதுக்கிட்டு அங்கயே முறைச்சுப் பார்ப்ப. கன்னம் பொடைச்சு மேல ஏறும். 'பாருங்கடா, யம்னாவுக்கு ஸைத்தூனா ஏறிடுச்சு'ன்னு ரஹிமோதான் மொதல்ல சொன்னா. ஒம்போது வருஷம் ஆச்சு. இது தெரியாம நீ மட்டும்தான் பாக்கி."

நான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரு ஆலிவ் இருந்தது.

என் முகத்தைப் பார்த்து ஃபெர்மீனின் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் சொன்னேன்னு சொல்லிடாத" என்றான். நான் எதிர்க்கடைக்குப் போனேன். நாலு எட்டுதான், நாற்பது மாதிரி இருந்தது.

"ஏன்டி சொல்லல?" என்றேன்.

ரஹிமோ புரிந்துகொண்டாள். என்ன என்று கேட்கவில்லை. "நான் பொய்யா சொன்னேன்? உன்னோடதுதானே அது."

"அத்தனை பேரு முன்னால என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டிருக்கலாம். ஏன் சும்மா விட்ட?"

"சந்தையில சொன்னா நாலு நாள் சிரிச்சுட்டு மறந்துடுவாங்க. புத்தகத்துல போயிட்டா யாரு அழிக்கிறது? எனக்குப் படிக்கத் தெரியாது யம்னா, ஆனா அது தெரியும்." பிறகு முட்டைகளை அடுக்கிக்கொண்டே, "அப்பா பேரு அச்சுல வரலன்னு நீ சொல்லிச் சொல்லி அழுதிருக்க. ஒண்ணு போச்சுன்னா எனக்கென்ன" என்றாள்.

கட்டிப் பிடித்து அழுதிருக்க வேண்டும். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, முன்னைவிட நாலு பங்கு. அவள் வார்த்தைகளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதெல்லாம் வெறும் பிள்ளை விளையாட்டு. சொல்லாமல் விழுங்கினாளே, அந்த ஒரு வாயைப் பார்த்துத்தான் இப்போது எனக்கு வேகிறது. அவள் பெரிய மனுஷியாக நிற்க, அவள் நிழலில் நான் சின்ன மனுஷியாகக் கிடப்பதா?

அன்றைக்கே உட்கார்ந்து கசில்தாவுக்குக் கடிதம் எழுதினேன். அப்பா கையெழுத்து மாதிரியே அழகான எழுத்தில், கன்னம் புடைத்ததிலிருந்து பொய் சொன்னதுவரை ஒன்று விடாமல் எழுதினேன். உறையை ஒட்டிக்கொண்டு போய் ரஹிமோவிடம் காட்டினேன். அவளுக்கு நான் சளைத்தவள் இல்லை என்று அவள் பார்க்க வேண்டாமா?

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "அனுப்பாத" என்றாள்.

"ஏன்? உன் வார்த்தை உனக்கே வரட்டும்."

"மத்ததெல்லாம் என் வாயிலேர்ந்து தானா கொட்டினது யம்னா. அது ஒண்ணுதான் நானா எடுத்து ஒருத்தருக்குக் குடுத்தது. குடுத்ததைத் திருப்பி மூஞ்சில எறியாத."

அதைக்கூட எவ்வளவு அழகாகச் சொல்கிறாள் பாருங்கள். அனுப்பினால் நான் நல்லவள், அனுப்பாவிட்டால் அவள் நல்லவள். கடிதத்தை வருஷக்கணக்காகப் பெட்டியில் பூட்டி வைத்து அழுதேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அன்று சாயங்காலமே தபாலில் போட்டுவிட்டேன்.

ரஹிமோ ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்து இரண்டாம் பதிப்பு வந்தது. இந்த முறை அவளே தன் பிரதியை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, "படி" என்றாள். முதல் தடவையாக என் கடை முன்னால் கூட்டம் சேர்ந்தது. ஒவ்வொன்றாகப் படித்தேன். அவள் வார்த்தைகள் என் வாயிலிருந்து வர வர எல்லோரும் சிரித்தார்கள். இருபத்தெட்டாவதுக்கு வந்தேன். 'ஸைத்தூனா ஏறுதல்: பொறாமை. சொன்னவர் ரஹிமோ. எதிர்க்கடைப் பெண் ஒருத்தியின் கன்னத்தைப் பார்த்துச் சொன்னது.' என் மனம் நோகக்கூடாது என்று கசில்தா என் பெயரை எடுத்துவிட்டிருந்தாள்.

"உன் பேரு எங்கடி?" என்றாள் ரஹிமோ.

"இல்ல."

"வேற எங்கயும்?"

"எங்கயும் இல்ல."

அவள் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடினாள். அப்புறம் எழுந்து முக்காட்டு நுனியை இழுத்துச் செருகிக்கொண்டு, "மிஸ்கீனா" என்று சொல்லிவிட்டுத் தன் கடைக்குப் போனாள். அரபியில் அதற்குப் பாவம், ஏழை என்று அர்த்தம். ஸ்பானியன் அதே வார்த்தையை எடுத்துப்போய் அற்பம், சின்னப் புத்தி என்று ஆக்கிவிட்டான். அவள் எந்தப் பாஷையில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.